கரண்ட் போனதும் ஜன்னலைத் திறந்தவர்

1

நேற்று எங்கள் சின்னவனுக்கு முதல் பிறந்தநாள். கேக்கின் நடுவில் ஒற்றை மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றிவிட்டு, "லைட்டை அணை" என்று மூத்தவள் ஆன்சியிடம் சொன்னேன். அணைத்தாள். பாட வாயைத் திறந்த என் கணவர் செல்வின் பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். இருட்டில் சோபாவைச் சுற்றிக்கொண்டு நேராக ஜன்னலைப் பார்த்து நடந்தார்.

"அப்பா, நோ!" என்று ஆன்சி கத்தினாள். நான் கேக் வெட்டும் கத்தியோடு குறுக்கே போய் நின்றேன். ஜன்னல் கைப்பிடிக்கு ஒரு சாண் இருக்கும்போது மனுஷன் முழித்துக்கொண்டார்.

"நான் சும்மா எந்திச்சேன்" என்றார்.

சும்மா எழுந்தாராம்! எங்கள் ஊர் கருங்கல், புதுக்கடைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோடையில் ஃபேன் நின்றதும் நம் கை முதலில் எதைத் தேடும்? டார்ச்சை அல்ல, மெழுகுவர்த்தியை அல்ல. ஜன்னல் கொண்டியைத்தான் தேடும். முன்வாசல், பின்வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் மலர்த்திப் போட்டுவிட்டு, "காத்து வரட்டும்" என்று ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் அடுத்த வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு இது எலும்பில் ஊறிய பழக்கம். நல்ல பழக்கம்தான், குற்றமே சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் உள்ளவர் கனடாவில் கியூபெக் மாகாணத்தில் குடியிருக்கக் கூடாது.

போன வருஷம் நடந்ததை ஊரில் பாதிப் பேருக்கு என் அக்கா ஷீபா சொல்லிவிட்டாள். சொன்னதில் பாதி அவள் சேர்த்துக்கொண்டது. அதனால் மீதிப் பேருக்காவது நானே எழுதிவிடுகிறேன்.

2

ஐஸ் மழை என்று சொன்னால் நம் ஊரில் ஆலங்கட்டி என்று நினைப்பார்கள். இது வேறு. மழை மழையாகத்தான் விழும், பார்க்க நம் ஊர்த் தூறல் மாதிரிதான் இருக்கும். விழுந்த இடத்தில் கண்ணாடியாகிவிடும். மரக்கிளைக்குக் கண்ணாடி உறை, கம்பிக்குக் கண்ணாடி உறை, காருக்குக் கண்ணாடி உறை. முதல் ஒரு மணி நேரம் ஊரே நகைக்கடை மாதிரி மின்னும். பிறகு பாரம் தாங்காமல் கிளைகள் படார் படாரென்று முறிந்து மின்கம்பி மேல் விழும். அப்புறம் கரண்ட் எப்போது வரும் என்று கேட்கக் கூடாது.

சின்னவன் பிறந்து இரண்டாவது வாரம். ஏப்ரல் மாதம். குளிர் முடிந்துவிட்டது என்று நம்பி எல்லோரும் கனத்த கோட்டுகளை அலமாரியில் மடித்து வைத்திருந்த நேரம். நான் படுக்கையறையில் பிள்ளையோடு கிடந்தேன். என் அம்மா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அம்மாவின் விசா விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. வந்தவர் திரும்பிப் போவார் என்று விசா அதிகாரிகளுக்கு நம்பிக்கை வரவில்லையாம்! கருங்கலில் இருந்து புதுக்கடைக்கு ஷீபா வீட்டுக்குப் போனாலே, கோழி அடைக்கணும் என்று அந்திக்குள் பஸ் ஏறிவிடுகிற மனுஷி. அவரைத் திரும்பிப் போக மாட்டார் என்று சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

ஆஸ்பத்திரியிலும் அம்மா இல்லாத குறை தெரிந்தது. பிரசவம் முடிந்த கையோடு நர்ஸ் ஒரு பெரிய கூஜா நிறைய ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து, சிரித்த முகமாக, குடி என்றார். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏட்டி, பெத்தவளுக்கு ஐஸ் வெள்ளமா! கொல்லப் பாக்காளா அவ?" என்று போட்ட கூச்சலில் நர்ஸ் பயந்துபோய், "உங்கள் அம்மா நலமாக இருக்கிறாரா?" என்று கேட்டார். மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காலை நேரம். ஹாலில் செல்வின் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. வீடு ஒரேயடியாக அமைதியானது. பிறகு நாற்காலி நகரும் சத்தம், கால் நடக்கும் சத்தம், டக், டக், டக். என் காலைச் சில்லென்று ஏதோ தடவியது. எழுந்து வந்து பார்த்தால் வாசல் திறந்து கிடக்கிறது, அடுக்களை ஜன்னல் திறந்து கிடக்கிறது, ஹாலின் பெரிய ஜன்னல் ஆவென்று திறந்து கிடக்கிறது. அதன் முன்னால் என் கணவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

"கரண்ட் போச்சு" என்றார். "காத்து வரட்டும்."

"ஐயோ, மூடுங்க! பிள்ள கெடக்கான்!"

அப்போதுதான் அவருக்குக் கனடா ஞாபகம் வந்தது. ஓடி வாசலை மூடினார், அடுக்களை ஜன்னலை மூடினார். ஹால் ஜன்னல் மூடவில்லை. இங்கே ஜன்னல்கள் வெளிப்பக்கமாக விரியும், உள்ளே ஒரு கைப்பிடியைச் சுற்றி மூட வேண்டும். விரிந்த சட்டத்தின் மேல் மழை விழுந்து மூட்டுகளில் கெட்டியாக உறைந்துவிட்டது. இவர் பலத்தைக் காட்டிச் சுற்றினார். உள்ளே ஏதோ நொறுங்கியது. கைப்பிடி தனியாகக் கழன்று கையோடு வந்தது. ஜன்னல் திறந்தபடியே நின்றது.

"அப்பா வீட்ட ஒடச்சிட்டாங்க" என்றாள் ஆன்சி, மிகுந்த திருப்தியோடு.

இந்த வீட்டில் சூடு என்பதே கரண்ட்தான். சுவரோடு ஓடும் ஹீட்டர், அடுப்பு, குளிக்கிற வெந்நீர் எல்லாம் அதில்தான். கார் கண்ணாடிக்குள் அடைபட்டிருந்தது, கதவைத் திறக்க முடியவில்லை. தெருவின் இரண்டு முனையிலும் மரம் விழுந்து கிடந்தது. மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முதலில் பிரெஞ்சில் ஒரு பெண், பிறகு ஆங்கிலத்தில் அதே பெண், எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார். வீட்டை வாடகைக்கு விட்டவருக்குப் போன் செய்தால் அவர் ஃப்ளோரிடாவில் இருப்பதாக அவருடைய போன் சொன்னது.

3

நான் இதற்கு முன்னும் ஒரு முறை கைக்குழந்தையோடு கரண்ட் இல்லாமல் கிடந்திருக்கிறேன். ஆன்சி பிறந்தது கருங்கலில், மே மாதத்தில். கோடைக் காற்று ஒன்று சுழற்றி அடித்து, ரப்பர் மரங்களைக் கம்பி மேல் சாய்த்துப் போட்டது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை.

அந்த மே மாதத்து வெக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்தில் வேர்க்கிறது. காற்று அடங்கிப்போய், தென்னை ஓலை அசையாமல், சட்டிக்குள் மூடி வைத்த மாதிரி ஒரு புழுக்கம். ஊரே வெளியே வந்துவிட்டது. முற்றத்தில் நாற்காலி, மதிலில் ஆள், ரோட்டில் பாய். ஃபிரிட்ஜில் இருந்த மீனெல்லாம் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே நேரத்தில் குழம்பு கொதித்தது. சாளையும் நெத்திலியும் மணக்க மணக்கப் பண்டிகை மாதிரி இருந்தது எல்லோருக்கும்.

எல்லோருக்கும் என்றால் எனக்கு இல்லை. நான் பெற்றவள். பெற்றவளுக்குக் காற்று ஆகாது. அறை ஜன்னலை அடைத்து, அதன் இடுக்கில் பழைய சேலையைத் திணித்திருந்தார்கள். காதில் பஞ்சு, தலையில் துணிக்கட்டு, வயிற்றில் இறுக்கிச் சுற்றிய துணி. குளிக்கப் பச்சிலை போட்டுக் கொதித்த வெள்ளம். குளித்து முடித்ததும் சாம்பிராணிப் புகை. கரண்ட் இருந்திருந்தாலும் ஃபேன் போட விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். வெளியே சிரிப்புச் சத்தமும் மீன் மணமும் வரும். உள்ளே நான் வெந்துகொண்டிருப்பேன்.

ஆன்சிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அவள் வீறிட்டு அழ, நானும் கூடச் சேர்ந்து அழுதேன். ஷீபாதான் அம்மா அசந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, சேலையை உருவிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். அந்தக் காற்று என் முகத்தில் பட்டதே, அந்த நிமிஷம் ஷீபா கேட்டிருந்தால் என் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

குளிருக்கு என்ன செய்யலாம்? ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். வெக்கைக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் தோல்தான் மிச்சம், அதற்கு மேல் கழற்ற வழியில்லை. எனவே வெக்கைதான் கொடுமை, குளிர் வெறும் துணிப் பிரச்சினை என்று இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான் எல்லோரிடமும் வாதாடி வந்திருந்தேன். போன ஏப்ரலில் அந்தக் கட்சியில் இருந்து விலகினேன்.

4

ஹால் ஜன்னலை அடைக்கிற வேலையை செல்வின் ஒரு வெறியோடு செய்தார். முதலில் தலையணைகள், காற்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளியது. பிறகு சோபா மெத்தை. அதன் மேல் அரிசிச் சாக்கு. கடைசியில், ஊருக்குப் போகும்போது முப்பது கிலோவுக்கு நிரப்பிக்கொண்டு போவோமே, அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிப் பொருத்தினார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்தார். நான் பாராட்டவில்லை.

ஓரங்களில் குளிர் கசிந்துகொண்டேதான் இருந்தது. ஹாலைக் கைகழுவிவிட்டு நாலு பேரும் சின்னப் படுக்கையறைக்குள் அடைந்தோம். மதியத்துக்குள் மழை நின்று வடக்குக் காற்று பிடித்தது. பேசினால் வாயில் புகை வந்தது. ஆன்சி அதை ஊதி ஊதி விளையாடினாள்.

கருங்கலுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். திரையில் ஒரே இருட்டு. அதற்குள் ஷீபாவின் பல் மட்டும் தெரிந்தது.

"இஞ்சயும் கரண்ட் இல்ல, மக்கா!" என்றாள். "டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு. எல்லாரும் மொட்ட மாடியில கெடக்கோம். வேர்த்து ஒழுகுது."

அங்கே ராத்திரி. பக்கத்து வீட்டு ஆட்களும் மாடிக்கு வந்திருந்தார்கள் போல, விசிறி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு ஆட்டோவின் பேட்டரியில் கம்பி போட்டுப் போனைச் சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள்.

"இஞ்ச எனக்கு விரல் மரத்துப் போச்சு" என்றேன்.

"கேக்கவே ஆசையா, கொதியா இருக்கு. கொஞ்சம் குளிர இஞ்ச அனுப்பு."

"நீ கொஞ்சம் வெக்கைய அனுப்பு. பார்சலுக்கு நான் துட்டு தாறேன்."

மாடியில் பத்துப் பேர் சிரித்தார்கள். அவ்வளவு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா போனைப் பிடுங்கினார். அவர் முகம் திரைக்கு மிகப் பக்கத்தில், நெற்றியும் ஒரு கண்ணுமாக வந்தது.

"காதுல பஞ்சு வச்சியா?"

"வச்சாச்சு, அம்மா."

"தலையில துணி?"

"கெட்டியாச்சு."

"கதவு இடுக்குல சேல திணிச்சியா?"

"திணிச்சாச்சு."

அம்மா போனைத் தள்ளிப் பிடித்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் எதற்கும் எதிர்ப் பேச்சு பேசாமல் சரி சரி என்றது அவர் வாழ்நாளில் முதல் முறை. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. பஞ்சு, துணிக்கட்டு, அடைத்த ஜன்னல், கொதித்த வெள்ளம், புகை! நம் ஊரில் பெற்றவளுக்குச் செய்கிற அத்தனையும் கனடாவுக்காகவே யாரோ எழுதி வைத்தது போலிருக்கிறது. அதைக் கொண்டுபோய் மே மாதத்துக் கருங்கலில் வைத்து எங்களை அவித்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஷீபா மாடியில் உருண்டாள்.

கதவைத் தட்டினார்கள். எங்களுக்கு மேல் வீட்டில் குடியிருக்கும் லூக், எழுபது வயசு மனுஷர், தனியாக இருக்கிறவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. கையில் இரண்டு ஃபிளாஸ்க் வெந்நீர். முகாம் போகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன அடுப்பை பால்கனியில் வைத்துக் காய்ச்சியிருக்கிறார். ஆன்சி முன்னால் போய் நின்று கடகடவென்று பிரெஞ்சு பேசினாள். நடுவில், பிரெஞ்சில் அப்பாவைக் குறிக்கும் 'பாப்பா' என்ற சொல்லும், கைப்பிடி சுற்றுகிற சைகையும் வந்தன. லூக் செல்வினைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"என்னத்தடி சொன்ன?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்ல கரண்ட் போனா ஜன்னல் தெறப்பாங்கன்னு சொன்னேன்."

"எனக்க ஊருதான் உனக்க ஊரும். நீ அங்கதான் பொறந்த."

"பொறந்தேன், அவ்ளோதான், அம்மா" என்றாள், சாதாரணமாக. எனக்குச் சுருக்கென்றது. வேர்க்குருவோடு நான் விடிய விடிய விசிறிய பிள்ளை. ஆனாலும் லூக்குக்கு நன்றி சொல்ல அவள் பிரெஞ்சுதான் வேண்டியிருந்ததால், அதை விட்டுவிட்டு ஃபிளாஸ்க்குகளை வாங்கிக்கொண்டேன். வெந்நீரைப் பாட்டில்களில் நிரப்பித் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்தோம்.

5

சிரித்துக்கொண்டே இருந்துவிட்டோம். சின்னவன் பால் குடிக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

காலையில் குடித்தவன். ஒன்றுக்கும் போகவில்லை, டயப்பர் காய்ந்து கிடந்தது. எடுத்து மார்பில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன், காதைத் தடவினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைக் கொஞ்சம் திறந்து, இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்பது போல மூடிக்கொண்டான். கை சில்லென்று இருந்தது. கழுத்துக்குக் கீழே தொட்டேன், அங்கேயும் சூடு போதவில்லை. அவ்வளவு போர்த்தியும் இப்படி. தெர்மாமீட்டர் இருக்க வேண்டியதற்குக் கீழே காட்டியது.

அதைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன், அதேதான். 

உடம்புக்கு முடியாவிட்டால் போனில் நர்ஸிடம் ஆலோசனை கேட்கலாம், இங்கே அதற்கு ஒரு எண் உண்டு. அதில் கூப்பிட்டேன். பிள்ளையின் சுகாதார அட்டை எண் கேட்டார்கள். அட்டை இன்னும் வரவில்லை என்றேன். அட்டை இல்லாமல் கணினி அடுத்த பக்கம் போகாது என்றார்கள். அஞ்சல் குறியீட்டைக் கேட்டார்கள், சொன்னேன், பதற்றத்தில் கருங்கலின் பின்கோடைச் சொல்லியிருக்கிறேன். செல்வின் போனை வாங்கிச் சரியாகச் சொன்னார். ஒருவழியாக ஒரு நர்ஸ் வந்தார். குரல் நிதானமாக இருந்தது.

"பிள்ளையின் துணியெல்லாம் கழற்றுங்கள்" என்றார். "டயப்பர் மட்டும் போதும். தலையில் தொப்பி. உங்கள் வெறும் நெஞ்சில் படுக்க வைத்து, அதற்கு மேல் போர்த்துங்கள். கொஞ்சம் சூடு பிடித்ததும் பால் கொடுத்துப் பாருங்கள். குடிக்க வேண்டும், டயப்பர் நனைய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஐஸில் வர நேரமாகும், ஆனால் வருவார்கள்."

கருங்கல் அழைப்பு இன்னொரு போனில் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஷீபா மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"துணிய அவுக்கணுமா?" அம்மாவின் குரல் உடைந்தது. "இந்தக் குளிருலயா? அவளுக்குக் கிறுக்கா? மக்கா, கேக்காத. பொதிஞ்சு வை, நல்லாப் பொதிஞ்சு வை!"

காதில் பஞ்சு, தலையில் துணி, எல்லாம் அம்மா சொன்னபடி செய்தேன். இப்போது அம்மா சொல்வதற்கு நேர் எதிராக, முகம் தெரியாத ஒருத்தி சொன்னபடி என் பிள்ளையின் துணியைக் கழற்ற வேண்டும்.  ஆனால் பொதிந்து வைத்துத்தானே காலையில் இருந்து கிடக்கிறான், உள்ளே சூடு இருந்தால்தானே போர்வை அதைப் பிடித்து வைக்கும் என்று தோன்றியது.

"அம்மா, அவன் உடம்புல சூடு இல்ல. நாமதான் குடுக்கணும்" என்றேன்.

 அம்மாவின் கையில் ஜெபமாலை உருளும் சத்தம் கேட்டது. மாடியில் விசிறிச் சத்தம் நின்றுவிட்டது.

நானே குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தேன். "உங்கள் இரண்டு பேரில் யார் உடம்பு சூடாக இருக்கிறது?" என்று நர்ஸ் கேட்டார்.

இதற்கு யோசிக்கவே வேண்டாம். நானும் ஆன்சியும் ஒரே நேரத்தில் செல்வினைக் கை காட்டினோம்.

6

எங்கள் கல்யாணமான புதிதில், கருங்கலில், கரண்ட் போன ராத்திரிகளில் நான் இவரைக் கட்டிலின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவேன். பக்கத்தில் படுத்தால் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி இருக்கும். ஆன்சி பிறந்தபோது அந்த அடைத்த அறைக்குள் இவரை வரவே விடவில்லை. "நீங்க வந்தா இன்னும் வேகும், வெளிய நில்லுங்க" என்று விரட்டினேன். பாவம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளையைக் குரலில் மட்டும் பார்த்தார்.

இப்போது சட்டையைக் கழற்றச் சொன்னேன். அந்தக் குளிரில் மறு பேச்சில்லாமல் கழற்றினார். காலையில் இருந்து ஜன்னலைத் திறந்த பாவத்துக்கு வாயே திறக்காமல் இருந்த மனுஷன். கட்டிலில் சாய்ந்தார். நான் சின்னவனின் துணிகளை அவிழ்த்து, கோழிக்குஞ்சு மாதிரிக் கிடந்தவனை அவர் நெஞ்சில் வைத்தேன். மேலே போர்வை, அதற்கு மேல் பஞ்சு வைத்த ரஜாய், அதற்கு மேல் எங்கள் எல்லாருடைய கோட்டுகளும். உள்ளே நர்ஸ் சொன்னபடி, வெளியே அம்மா சொன்னபடி.

"ஐயோ, சில்லுன்னு இருக்கான்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதில்லை. "எனக்க தப்பு, ஏட்டி. நான் அந்த ஜன்னல..."

"இப்ப ஒண்ணும் பேசாதீங்க. பேசுனா சூடு போவும்" என்றேன். அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

காத்திருந்தோம். ஆன்சி கால்மாட்டில் போர்வை நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து, அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, செல்வின் நெளிந்தார்.

"என்ன?"

"கூசுது."

"அசையாதீங்க!"

"ஏட்டி, இவன் எனக்க கிட்டப் பால் தேடுகான்!"

போர்வையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். தலையை அங்குமிங்கும் ஆட்டி, அப்பாவின் நெஞ்சு முடிக்குள் முட்டி முட்டித் தேடிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு கோபம். ஆன்சி வெடித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படியே வாங்கி மார்பில் வைத்தேன். முதலில் நழுவவிட்டான். ஒரு சொட்டை உதட்டில் தடவினேன். பிடித்தான். இழுத்தான். அந்தச் சின்னத் தொண்டை மடக் மடக்கென்று அசைந்தது.

"குடிக்கான் அம்மா!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். மாடியில் கை தட்டினார்கள்.

"மோண்டானா?" என்றார் அம்மா. அவர் இப்போது முழுசாக நர்ஸின் கட்சி.

"இன்னும் இல்ல."

"இன்னும் இல்லியாம்" என்று அம்மா மாடிக்கு அறிவித்தார். 

குடித்து முடித்தவனைத் திரும்ப செல்வின் நெஞ்சில் வைத்தேன். போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. கருங்கலில் ஒரு மொட்டை மாடி முழுக்க ஆட்கள், வேர்த்து ஒழுக, பார்த்தே இராத ஒரு பிள்ளை ஒன்றுக்குப் போவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மதிலைத் தாண்டி யாரோ, "போனானா?" என்று கேட்பதும், ஷீபா "பொறு, பொறு" என்பதும் கேட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. போர்வைக்குள் கையை விட்டு டயப்பரின் ஒட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.  திரும்ப ஒட்டப் போனேன்.

"ஆ!" என்று செல்வின் அலறினார்.

"என்னாச்சு? என்னாச்சு?"

"சூடா இருக்கு! ஏட்டி, சூடா இருக்கு!"

கழுத்து வரை நனைந்துவிட்டார். போர்வை நனைந்தது, ரஜாய் நனைந்தது, என் கையில் அது வெதுவெதுவென்று ஓடியது. "மோண்டுட்டான் அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் மேல் வீட்டு லூக் தன் தரையைத் தட்டினார். கருங்கலில் எழுந்த ஆரவாரத்தின் நடுவில், அம்மா "யேசுவே" என்று இழுத்த இழுப்பில் போன் அணைந்து போனது.

நான் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். வாயில் புகை வருகிற அந்த அறையில், நெஞ்செல்லாம் ஈரமாக, கண்ணெல்லாம் ஈரமாக என் கணவர் கிடந்தார். சின்னவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். பிடித்து நிறுத்திவிட்டார்.

"தொடைக்காத" என்றார். "கொஞ்ச நேரம் கெடக்கட்டு."

நான் துண்டைக் கீழே போட்டுவிட்டு, அந்தச் சூட்டின் மேல் என் கையையும் வைத்துக்கொண்டேன்.